எத்தனை தடவை இறங்க வேண்டும்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் நாற்பது தேயிலைச் செடிகளில் ஒரு பாதி மட்டும் கொழுந்து பறிக்கப்பட்டு மறுபாதி அப்படியே விடப்பட்டிருப்பதை முதலில் கவனித்தவர் என் அண்ணி. 2023 ஏப்ரல் கடைசியில், பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்திருந்தார். அம்மா நின்று பறித்த இடத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொரு செடியிலும் வலப்பக்கம் மட்டமாக, சீராக எடுக்கப்பட்டிருந்தது. இடப்பக்கத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தாண்டி நான்காம் இலை வரை முற்றி நின்றது. "அத்தை பாதியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார் போல" என்றார் அண்ணி. அம்மா அலுத்துப்போகிறவர் அல்ல. தினமும் கூடவே இருக்கும் என் கண்ணில் அது படவில்லை என்பதை இப்போதும் என்னால் எளிதாகச் சொல்ல முடிவதில்லை.

அம்மா இலங்கையின் மலையகத்தில் 1949இல் ஒரு லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களில் ஒருவராக 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கி, நீலகிரிக்கு வந்து தோட்ட வேலையில் சேர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கொழுந்து பறித்தவர். கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுந்தி அழுந்தி, அந்த இடத்தில் முடி வளராமலே போய்விட்டிருந்தது. ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகவே வீட்டுப் பின்புறச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செடியில் தெரிந்தது பிறகு தட்டிலும் தெரிந்தது. இடப்பக்கம் வைத்த இட்லி அப்படியே இருக்கும், சட்னி இல்லை என்று கேட்பார், சட்னி இடப்பக்கம் இருக்கும். சேலை முந்தானையைச் சரி செய்யாமல் நடப்பார், கதவு நிலையில் இடத்தோளை இடித்துக்கொள்வார். அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம் காட்டினோம். எழுபத்து நான்கு வயது, இரண்டு கண்ணிலும் புரை, அதனால்தான் என்று சொல்லிக் கண்புரை அறுவைக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். ஆறு வாரம் அப்படிப் போயிற்று. அவர்மேல் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. அம்மாவுக்கு வந்திருந்தது மூளைக் கட்டி. வயதானவர்களின் மூளைக் கட்டி பல நேரம் இன்னொன்றின் வேடத்தில்தான் வருகிறது. மறதி என்றும், மனச்சோர்வு என்றும், பக்கவாதம் என்றும், வெறும் மூப்பு என்றும் குடும்பமே முதலில் பெயர் வைத்துவிடுகிறது. பக்கவாதம் ஒரு நொடியில் வருவது. இது வாரக் கணக்கில் கூடிக்கொண்டே போவது. அந்த வித்தியாசத்தை வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல முடியும், நாங்கள் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை அம்மாவின் இடக்கை தானாகத் துடிக்க ஆரம்பித்து இரண்டு நிமிடம் நிற்கவில்லை. அன்றே கோயம்புத்தூருக்கு இறங்கினோம். அங்கே நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அம்மா வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, முடிந்தது என்று பேனாவைக் கொடுத்தார். மருத்துவர் தம் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஒரே நேரத்தில் அசைத்தபோது, ஒரு கைதான் அசைகிறது என்றார் அம்மா. அம்மாவுக்கு இடப்பக்கம் இருந்த கையை மட்டும் அசைத்தால் தெரிகிறது, இரண்டும் சேர்ந்தால் இடப்பக்கம் மறைந்துவிடுகிறது. கண்ணில் குறையில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதை மூளையின் வலப்பக்கம் மறந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினார். எம்.ஆர்.ஐ. படத்தில் வலது பக்கவாட்டு மடலில் வெள்ளை வளையம் ஒன்றும், அதன் நடுவே கருமையும், சுற்றிலும் நீர்வீக்கமும் தெரிந்தன. நான் அறிவியல் ஆசிரியர். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் சொல்லப்போவதில் பாதி புரிந்துவிட்டது.

நோயின் பெயர் கிளியோபிளாஸ்டோமா. மூளைக்குள்ளேயே தோன்றும் புற்றுகளில் வளர்ந்தவர்களுக்கு மிகுதியாக வருவதும், மிக வேகமானதும் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் நான்காம் நிலை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும்தான் அதிகம் கண்டறியப்படுகிறது. பெரும்பாலும் மூளையை விட்டு வெளியே பரவாது, ஆனால் மூளைக்குள் வேர்விட்டுப் பரவியபடியே இருக்கும். பால்டிமோரில் வால்டர் டேண்டி என்ற அறுவை மருத்துவர், வலப்பக்க அரைக்கோளம் முழுவதையுமே எடுத்துவிட்ட நோயாளிகளைப் பற்றி 1928இல் எழுதினார். அப்படி எடுத்தும் நோயை ஒழிக்க முடியவில்லை. எனவே 'கட்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா' என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளாக ஒரே பதில்தான். (செல்போன் கோபுரத்தால் வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரும், முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கரைந்துவிடும் என்று ஒரு உறவினரும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கஷாயத்தை அம்மாவே ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கோழிக்கு ஊற்றினார்.)

வயதானவர்களுக்கு இந்த நோய்க்கு என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு விதமான பேச்சுதான் கேட்டேன். 'இந்த வயதில் எதற்கு அலைக்கழிக்கிறீர்கள், வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுங்கள்' என்பது ஒன்று. 'பெற்ற தாய்க்கு எதையும் விட்டுவைக்கக் கூடாது, சின்ன வயசுக்காரருக்குச் செய்வதையெல்லாம் செய்யுங்கள்' என்பது மற்றொன்று. அம்மா கேட்ட கேள்வி இரண்டிலும் சேரவில்லை. புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவர் எதிரே உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தன தடவ கீழ எறங்கணும் டாக்டர்?" என்றார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு முப்பத்து மூன்று கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு அவருக்கு வாந்தி. அந்தப் பெண் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல கேள்வி கேட்டீங்கம்மா, அதைத்தான் நாங்களும் இருபது வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றார். நான் அதை ஆறுதல் பேச்சு என்றே நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் அது அப்படியே உண்மை என்று தெரிந்தது.

இந்த நோய்க்கு இன்று உலகெங்கும் வழக்கத்திலிருக்கும் சிகிச்சை 2005இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. ரோஜர் ஸ்டுப் என்பவரின் தலைமையில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 பேரிடம் நடந்தது. முப்பது நாள், அதாவது வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம், மொத்தம் 60 கிரே கதிர்வீச்சு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதோடு டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் கொடுத்தால் நடு ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடுகிறது என்று கண்டார்கள். நடு ஆயுள் என்றால் பாதிப் பேர் அதற்கு முன்பும் பாதிப் பேர் அதற்குப் பின்பும் இறந்தார்கள் என்று பொருள். அது யாருக்கும் குறித்துக் கொடுத்த தவணை அல்ல. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எழுபது வயதுவரை உள்ளவர்கள்தான். நோய் அதிகம் வரும் வயதுக்காரர்களில் பலர் அந்தக் கணக்கிலேயே இல்லை. அம்மாவும் இல்லை.

அவர்களுக்கென்று தனியாக நடந்த ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது: பெரும்பாலானவை நாட்களைக் குறைக்கவே முயன்றிருக்கின்றன. 2004இல் வில்சன் ரோவா என்பவரும் உடன் இருந்தவர்களும் அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முப்பது நாள் கொடுப்பதற்குப் பதிலாகப் பதினைந்தே நாளில் 40 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, மூளை வீக்கத்தை வடிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வந்தவர்கள் குறுகிய சிகிச்சையில்தான் குறைவு. இவர்களுக்குக் கதிர்வீச்சே வேண்டுமா என்ற கேள்விக்கு 2007இல் பிரான்சிலிருந்து பதில் வந்தது. எழுபதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வெறும் ஆதரவுச் சிகிச்சை மட்டும் கொடுத்தால் நடு ஆயுள் 16.9 வாரம், கதிர்வீச்சும் கொடுத்தால் 29.1 வாரம், அதனால் வாழ்க்கைத் தரம் கெடவும் இல்லை. கஞ்சி கொடுத்து வீட்டில் வையுங்கள் என்ற கட்சிக்கு இது பதில். 2012இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் எழுபதைத் தாண்டியவர்களில் ஆறு வாரக் கதிர்வீச்சு பெற்றவர்கள், குறுகிய கதிர்வீச்சோ டெமோசோலமைடு மாத்திரையோ மட்டும் பெற்றவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். எதையும் விட்டுவைக்காதே என்ற கட்சிக்கு அது பதில். 2015இல் ஒரே வாரத்தில், ஐந்தே நாளில் 25 கிரே கொடுத்தும் பார்த்தார்கள். முதியவர்களுக்கும் தளர்ந்தவர்களுக்கும் அது மூன்று வாரத்துக்கு இளைத்ததாக இல்லை.

நாளைக் குறைத்து ஒரு நாளின் அளவைக் கூட்டினால் நல்ல மூளைக்குக் கேடில்லையா என்று மருத்துவரைக் கேட்டேன். உண்டு, ஆனால் அந்தக் கேடு பெரும்பாலும் பல மாதம், சில ஆண்டு கழித்துத் தலைகாட்டுவது என்றார். முப்பது வயதுக்காரருக்கு அதற்காகவே சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எழுபத்து நான்கு வயதில், இந்த நோயோடு, எதிரே இருக்கும் காலமே வேறு என்பதை அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் நானே புரிந்துகொண்டேன்.

இதற்கிடையே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் எங்களை ஏமாற்றியது. கட்டியைச் சுற்றியிருந்த நீர்வீக்கம் வடிந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து, இடப்பக்கம் வைத்த தம்ளரைத் தாமே எடுத்துக் காப்பி குடித்தார். குணமாகிவிட்டது என்று அண்ணன் திருப்பூருக்கு போன் செய்து சொன்னார். அந்த மாத்திரை கட்டியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் ஒரு பயன் இருந்தது: ஒரு நோயாளி எவ்வளவு தாங்குவார் என்பதை, அன்றாட வேலைகளைத் தாமே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று பார்த்து, மருத்துவர்கள் கார்னாஃப்ஸ்கி என்ற நூறு புள்ளி அளவில் மதிப்பிடுகிறார்கள், அம்மா இறங்கி வந்த அன்று ஐம்பதில் இருந்தார், நான்கு நாள் கழித்து எழுபதுக்கு வந்தார். முதல் நாள் மதிப்பிட்டு முடிவெடுத்திருந்தால் வேறு வழியில் போயிருப்போம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்த நோய் வந்து, 'தாங்க மாட்டார்' என்று யாராவது சொன்னால், அது ஸ்டீராய்டுக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள்.

அதன் விலையும் கூடவே வந்தது. சர்க்கரையே இல்லாதவருக்கு 340 காட்டியது, இன்சுலின் போடக் கற்றுக்கொண்டேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சாமான் விளக்குவார், மாத்திரையைக் காலையும் மதியமும் மட்டும் கொடுத்து, இரவில் கொடுக்காமல் விட்டதும் கொஞ்சம் தூங்கினார். வாயில் வெள்ளை படர்ந்தது. எல்லாவற்றையும்விட, தொடைத் தசை கரைந்தது. ஏற்றத்தில் முப்பது கிலோ கூடையோடு ஏறிய கால்கள், மணையிலிருந்து எழ முடியாமல் நின்றன. வாசலில் உள்ள ஏழு படிக்கும் நாங்கள் கம்பி வைத்தது ஜூலையில். குறைந்த அளவு, குறைந்த காலம், திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை அரிசி டின்மேல் ஒட்டி வைத்திருந்தேன்.

அறுவை பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. அடைய முடிந்த அளவு எடுத்தார்கள், ஐந்தாம் நாள் நடந்தார்.

எடுத்த சதையில் எம்.ஜி.எம்.டி. என்ற பரிசோதனை செய்யக் கொடுத்தார்கள். டெமோசோலமைடு மாத்திரை புற்றுசெல்லின் மரபுப்பொருளில் காயம் உண்டாக்கிக் கொல்லப் பார்க்கும். அந்தக் காயத்தைத் தைக்கிற புரதம்தான் எம்.ஜி.எம்.டி. சிலரின் கட்டியில் அந்த மரபணு மெத்தில் முத்திரை விழுந்து வாய்மூடிக் கிடக்கும். அவர்களுக்கு மாத்திரை நன்றாகப் பிடிக்கும். தளர்ந்த முதியவருக்கு முத்திரை இருந்தால் கதிர்வீச்சே இல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுக்கலாம் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. அப்படி வந்தால் அம்மா மலையிலேயே இருந்து மாத்திரை விழுங்கிக்கொண்டு, இங்கேயே ரத்தம் பரிசோதித்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் அந்தத் தாளுக்காகக் காத்திருந்ததுபோல் என் பத்தாம் வகுப்பு முடிவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. முத்திரை இல்லை என்று வந்தது.

அண்ணனுக்கும் எனக்கும் சண்டை அங்கேதான். 2017இல் ஜேம்ஸ் பெரி என்பவரின் தலைமையில் அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆன 562 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று வாரக் கதிர்வீச்சோடு மாத்திரையும் சேர்த்தபோது நடு ஆயுள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமாகியது. முத்திரை உள்ளவர்களுக்கு 7.7 மாதத்திலிருந்து 13.5 மாதம். இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் கூடியது, 7.9 மாதம் 10 ஆனது, ஆனால் அந்த வித்தியாசம் புள்ளியியல் எல்லையில் நின்றது, தற்செயலாகவும் இருக்கலாம். "ரெண்டு மாசம்னாலும் மாசம்தானேடா, மருந்து இருக்கும்போது குடுக்காம விடுறதா?" என்றார் அண்ணன். அந்த இரண்டு மாதத்துக்கு வாராவாரம் ரத்தப் பரிசோதனை, தட்டணுக்கள் குறைந்தால் மறுபடி மருத்துவமனை, வாந்தி, தொற்று என்று நான் எண்ணினேன். கடைசியில் அம்மாவிடமே கேட்டோம்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை அவரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. தலையில் நீர் கோத்திருக்கிறது என்றே சொல்லி வைத்திருந்தோம். பெரியவர்களிடம் சொல்லக் கூடாது என்பது உறவுக்குள் எழுதாத சட்டம். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று கேட்க, எதற்கான மாத்திரை என்று சொல்லியாக வேண்டியிருந்தது. தாய்மாமா வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னேன். "கரண்டு வக்கிற ஆசுபத்திரிக்கி நீர் கோத்தவங்களையா கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, கரண்டு, அதாவது கதிர்வீச்சு, மட்டும் போதும், மாத்திரை வேண்டாம் என்றார். அண்ணன் ஒப்புக்கொண்டார், ஆனால் இன்றும் அவருக்கு அது ஆறவில்லை. நான் செய்தது சரி என்று நிரூபிக்க என்னிடமும் ஒன்றும் இல்லை. சில இரவுகளில் அந்த இரண்டு மாதத்தைக் கையில் வைத்து எடை போட்டுப் பார்க்கிறேன்.

கதிர்வீச்சுக்கு முகமூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் விரித்து அழுத்துகிறார்கள், ஆறியதும் முகத்தின் வடிவிலேயே இறுகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் அதைப் போட்டு மேசையோடு பூட்டி, தலை மில்லிமீட்டரும் அசையாதபடி செய்துவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியேறுகிறார்கள். பத்து நிமிடம். வெளியே வரும்போது நெற்றியில் வலையின் கட்டம் கட்டமான தடம் பதிந்திருக்கும், மாலைவரை மறையாது. கூடைக் கயிற்றின் தடத்துக்குக் கீழே இது. கோயம்புத்தூர் துடியலூரில் தாய்மாமா வீட்டில் தங்கி, திங்கள் முதல் வெள்ளிவரை போய்விட்டு, வெள்ளி மாலை மலையேறி, திங்கள் அதிகாலை இறங்குவதாக மூன்று வாரம். வாரக் கடைசியில் கீழேயே இருந்துவிடலாம் என்று எவ்வளவோ சொன்னேன். வாந்தி எடுத்தாலும் வீட்டுக்கு வந்து வாந்தி எடுக்கிறேன் என்றார். முடிந்த நாளன்று முகமூடியைத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிவந்து, கோழி கிளறாமலிருக்கக் கொத்தமல்லிப் பாத்தியின்மேல் கவிழ்த்து வைத்தார்.

ஆகஸ்ட் பாதியிலிருந்து நவம்பர்வரை நல்ல காலம். கைத்துடிப்புக்குக் கொடுத்த லெவட்டிராசிட்டம் மாத்திரையால் ஒரு மாதம், வாழ்க்கையில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத அம்மா என் மனைவியை வாய்க்கு வந்தபடி ஏசினார். மருந்தின் குணம் அது என்று தெரியாமல் மனைவி அழுதாள். அளவைக் குறைத்ததும் நின்றது. அதைத் தவிர்த்தால், தாமே குளித்தார், தாமே சாப்பிட்டார், வெயில் வந்தால் செடிகளுக்கு நடுவே போய் நின்றார். பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு செடியையும் பறித்து முடித்ததும் தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்க்கப் பழகியிருந்தார். சில செடிகளில் பார்த்தார், சிலவற்றில் மறந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடி இடக்கை துவண்டது. வளர்ந்திருக்கும், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், பெவசிசுமாப் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று போனில் சொன்னார்கள். வீக்கத்தை அது குறைக்கும், ஸ்டீராய்டைக் குறைக்க உதவும், ஆனால் ஆயுளைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. மழையில் சாலையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அம்மா வலக்கை விரல்களை மடக்கி எண்ணினார்: படம் எடுக்க ஒன்று, அறுவைக்கு ஒன்று, முகமூடிக்கு ஒன்று, கரண்டு வைக்க மூன்று, பிறகு ஒரு மாதம் கழித்துப் படம் பார்க்க ஒன்று. ஏழு. "போதும்" என்றார்.

அதன்பின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துச் செவிலியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும், விழுங்கும்போது தலையை எப்படித் தாங்குவது என்றும் சொல்லிக்கொடுத்தார். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே ஒன்றை வலிப்புக்கென்று அலமாரியில் வைத்திருந்தோம், ஒரே ஒருமுறை தேவைப்பட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டாம் என்பதை அம்மா முன்பே சொல்லிவிட்டிருந்தார்.

அவர் அறையில் ஒரே சன்னல், அது கட்டிலுக்கு இடப்பக்கம். படுத்த படுக்கையான முதல் வாரம், சன்னல் திறந்திருந்தும், அறை இருட்டாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விளக்கைப் போட்டோம், பல்பை மாற்றினோம். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. நானும் அண்ணனும் தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். சன்னல் வலப்பக்கம் வந்தது. அம்மா வெளியே செடிகளைப் பார்த்தார், உறைபனியில் மேல் இலை கருகியிருந்தது. "யாரு இப்புடிப் பாதிய விட்டு வச்சிருக்கது?" என்று கேட்டார். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த வாரக் கடைசிவரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.